கிழக்கே பள்ளம்

அ-பதிவேட்டில் அந்தக் குன்றுக்குப் பெயர் இல்லை.
கல்லாங்குத்து. தீர்வை இல்லை. மரம் இல்லை.
மூன்றாவது பொய்.
ஊஞ்சையும் வெப்பாலையும் பாதி உயரம் வரை
ஏறி நிற்கின்றன.

உடுமலை தாலுகா ஆபீஸில்
இரண்டு மனுக்கள், ஒரே குண்டூசி.
நயினார் சங்கத்து மனு தட்டச்சில்:
பள்ளிமலை, கற்படுக்கை ஐந்து,
புடைப்புச் சிற்பம் ஒன்று,
சுற்றிலும் கம்பிவேலி அமைத்துத் தர வேண்டுகிறோம்.
மலசர் பதியின் மனு
ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில்:
குடைச்சாமிக்கு நோம்பி வருதுங்க,
வேலி போட்டா நாங்க எங்கீங்க போறது.

பங்குனி வெயில். தோளில் சங்கிலி.
முன்னால் திம்மி, இடுப்பில் கொடுவாள், வெறுங்கால்.
பின்னால் அப்பாண்டைராஜன்,
திருப்பூர் நூல் கம்பெனியில் கணக்கர்,
அவரும் வெறுங்கால்,
எறும்பு பார்த்து எறும்பு பார்த்து அடி வைக்கிறார்.
பூட்ஸ் போட்டவன் நான் ஒருத்தன்தான்.
இரண்டு தடவை வழுக்கினேன்.

"இந்த ரெண்டாவது வளவுக்கு மேல
ரத்தம் ஏறாதுங்க" என்றாள் திம்மி,
யாரும் கேட்காமலே.
யார் போட்ட கட்டு அது?
"எங்களுக்கு முன்னமே இருக்குதுங்க.
எப்பவோ அவிய வந்து கேட்டிருப்பாங்க,
நாங்களும் சரின்னிருப்போம்."

பாறை உள்வாங்கிய இடத்தில் நிற்கிறார்.
உடுப்பில்லை. கைகள் இரண்டும்
முழங்காலைத் தேடித் தொங்குகின்றன.
தலைக்கு மேலே ஐந்து படம் விரித்த பாம்பு.
பார்சுவநாதர், என்றவரின் குரல்
பாதிச் சொல்லில் இறங்கிப்போயிற்று.
"மழை பேயறப்போ பாம்பு குடை புடிக்குதுங்க"
என்றாள் அவள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.
"எங்க கதையிலயும் மழைதான் சார்.
பகையாளி பெய்ய வச்ச மழை.
பாம்புதான் காப்பாத்துச்சு."

பக்கத்துச் சரிவில் மலைத்தேன் கூடு,
ஆள் நீளத்துக்கு, கறுப்பாய், மூச்சுவிட்டுக்கொண்டு.
அவர் தேன் தொடமாட்டார்.
ஓர் அடைக்கு எத்தனை உயிர் என்று
அவருடைய ஆட்கள் என்றைக்கோ எண்ணிவிட்டார்கள்.
அவள் மகன் அமாவாசை இருட்டில்
கொடி பிடித்து அதில்தான் இறங்குவான்.

அப்புறம் நடந்ததற்கு என் படிவத்தில் கலம் இல்லை.
கற்படுக்கையின் ஓரத்தில் குந்தி
மடியிலிருந்து மயிற்பீலிக் கட்டை எடுத்தாள்.
துறவிகள் வழியைக் கூட்டிக்கூட்டி நடப்பதற்கு.
தானாக உதிர்ந்தது மட்டும்;
பிடுங்கினால் தண்டு நுனியில் ரத்தம் இருக்கும் என்று
ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள்.
அவர் பையிலிருந்து எடுத்தது
நான்கு மீட்டர் வெள்ளைப் பனியன் துணி,
தண்ணீரின் உயிர்கள் சாகாமல் வடிகட்டிக் குடிக்க.

அந்தத் துணியில் அவள் எதை வடிக்கிறாள் என்று
அவருக்குத் தெரியும்.
எனக்கும் தெரிந்துபோனது:
போன வருசத்துத் துணி அவள் தோளில்
பழுப்பேறி, விறைத்து,
ஓர் ஈ அதை விட்டு எழவே மாட்டேன் என்றது.
அவர் ஈயைப் பார்த்தார்.
ஊதவில்லை.

வடக்கே நூற்றுப் பதினாறு மீட்டர்.
மேற்கே எண்பத்தொன்று.
எழுதிக்கொண்டே இருந்தேன்.
அவர் சிற்பத்தின் முன்னால் முனை முறியாத அரிசியால்
சுவஸ்திகம் போட்டார், மேலே மூன்று புள்ளி, ஒரு பிறை.
கடைசி அரிசியை வைக்கும்போது
அவள் முந்தானையால் காற்றை மறித்தாள்.

இறங்கி வந்து பதியில் தண்ணீர் குடித்தோம்.
நோம்பிக்கு விட்ட சேவல்
காலில் சிவப்பு நூலோடு வாசலில் மேய்ந்தது.
மிஞ்சிய அரிசியை உள்ளங்கையில் வைத்து
அப்பாண்டைராஜன் குந்தினார்.
"நோம்பி என்னைக்குங்க?"
"வார செவ்வாய்ங்க."
அவர் கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.
அரிசி தீர்ந்த பிறகும்
சேவல் அந்தக் கையைக் கொத்திக்கொண்டிருந்தது.
அவர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்தேன்:
வேலி அமைக்க இயலாது.
காரணம், கிழக்கே பள்ளம்.