தலைகீழ்

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
என் எக்கோ அறை.
பதினொன்றாம் டோக்கன்: மீராக்கனி, ஐம்பத்தெட்டு,
கோட்டையூர், கறிக்கடை.

இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க என்றேன்.
ஜெல் பட்டதும் சிலிர்த்தார்.
எல்லோருக்கும் சொல்வதையே டாக்டர்
இவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்:
இதயம் நம்ம செட்டிநாட்டு வீடு மாதிரி,
மேலே ரெண்டு அறை, கீழே ரெண்டு அறை.
"நாங்க ஆறு பேரு ஒரே ரூம்புல கிடக்கோம்மா.
நாலு அறைன்னா எனக்கு எங்க வெளங்கும்?"

திரையில் சாம்பல் நிற விசிறி விரிந்தது.
"தலைகீழா இருக்கே."
நுனியிலிருந்து பார்க்கிறேன், அதனால்
கீழறைகள் மேலே, மேலறைகள் கீழே.
"எங்க கடையிலயும் அப்படித்தான் தொங்கும்"
என்றவர் அப்புறம் நிறுத்தவில்லை.
இந்தப் பக்கச் சுவர் விரல் கனம்,
அந்தப் பக்கம் மெல்லிசு. சரிதானே?
சரிதான்.
தடித்தது கால் பெருவிரல் வரை தள்ள வேண்டும்,
மெல்லியதற்கு அடுத்திருக்கும் நுரையீரல் வரைதான் வேலை.
உச்சியில் மஞ்சள் கொழுப்பு, அதைச் சீவினால் ரெண்டு குழாய்,
என் கட்டைவிரல் உள்ளே போகும்.
நான் தமனி என்று மனப்பாடம் செய்தது
அவருக்கு விரலில் இருந்தது.
"உள்ளாற வெள்ளை நூல் நூலா ஓடும்,
சவ்வை இழுத்துக் கட்டுன மாதிரி.
பல்லுல மாட்டும்னு அதை நறுக்கிப் போட்டுருவேன்."

நிறத்தைத் தட்டினேன். சிவப்பு, நீலம்.
நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் இல்லை.
என் கையை நோக்கி வருவது சிவப்பு,
விலகிப் போவது நீலம். அவ்வளவுதான்.
ஈரிதழ்க் கதவு திறந்தது, சிவப்பு ஏறி வந்தது.
மூடும்போது
ஓர் இதழ் பின்னால் மடங்கி விழ,
மேலறைக்குள் பச்சையும் மஞ்சளுமாய்ச் சிதறல்.
மீன் அறுத்துக்கொண்டு போன தூண்டில் நரம்புபோல
ஏதோ ஒன்று அங்கே ஆடியது.

நான் வாயால் சொல்லக்கூடாது,
தாளில் எழுத மட்டும்தான் எனக்கு அனுமதி.
அவர் கண் திரையைவிட்டு அகலவில்லை.
"நூலு ஒண்ணு அந்துருச்சு, இல்லம்மா?"

டாக்டர் சொல்வார் என்றேன்.
வேகம் அளக்க வேண்டும், சத்தத்தைக் கூட்டினேன்.
ஈரத்துணியைக் கல்லில் அறைந்து அறைந்து
யாரோ துவைப்பதுபோல் அறை நிறைந்தது.
"என்ன அது?"
உங்களுதுதான்.
எழப் பார்த்தார், திரும்பப் படுத்தார்.
"நாளைக்குப் பத்துக் குலை கைக்கு வருது.
சூடாத்தான் வரும்.
ஒண்ணுகூட இப்படிப் பேசுனதில்ல."
கொஞ்ச நேரம் கழித்து,
"இன்னுங் கொஞ்சம் வையுங்க" என்றார்.
அளவெல்லாம் முடிந்திருந்தது.
வைத்தேன்.

ஜெல்லை ஒரே இழுப்பில் வழித்தார்,
கத்தி துடைப்பதுபோல்.
ஈரக்குலை நடுங்குது என்று ஊரில் சொல்வோம்,
சட்டைப் பொத்தான் போட்ட விரல்களில்
அப்படி எதுவும் தெரியவில்லை.
"ஞாயித்துக்கெழமை யாவாரத்தை முடிச்சிட்டு
மதுரைக்குப் போனாப் போதுமாம்மா?"

திரையில் அவர் கதவு
பாதி திறந்தபடி உறைந்திருந்தது.
பன்னிரண்டு என்று கூப்பிடப் போய்
இன்னும் கூப்பிடாமல் இருக்கிறேன்.