மேல்மடு, கீழ்மடு

பஞ்சப்பள்ளி அணைக்கும் மேலே
சித்திரையில் சின்னாறு ஆறாக இருப்பதில்லை.
மணல். மணலுக்குள் இரண்டு மடு.
நடுவில் தடுப்பணை ஒன்று, வயது பதினொன்று;
திறந்துவைத்தவர் பெயருக்கு மட்டும் புதுப் பெயின்ட்.

மேல்மடுவில் நாற்பத்தொரு கெண்டை.
எண்ணியது நான்தான், முழங்கால் சேற்றில்.
வாலோரம் அரிசி நொய்யளவு துடுப்பை நறுக்கி
ஸ்பிரிட் குப்பியில் போட்டு
எண் எழுதி, மீனைத் திரும்ப விடுவேன்.
அதன் காயம் மூன்று வாரத்தில் ஆறிவிடும்.
குப்பியில் கிடப்பது பிறகு பேசும்.

பேசியது இது:
தாய் தந்த ஏடும் தகப்பன் தந்த ஏடும்
ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் ஒன்று.
பார்த்து எழுதிய வகுப்பு போல.
ஒருவனுக்குத் தெரியாத கேள்வி வந்தால்
மொத்த வகுப்பும் ஃபெயில்.

தக்காளிக்கு இறைக்கும் டீசல் மோட்டாரிலிருந்து
கை துடைத்துக்கொண்டு வந்தார் சிக்கண்ணன்.
"என்ன வியாதிம்மா அதுங்களுக்கு?"
வியாதி ஒன்றுமில்லை,
சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கிட்டே வந்திருக்குங்க என்றேன்.
சிரித்தார். பாதியில் நிறுத்தினார்.
அவர் கட்டியிருப்பது அக்கா மகளை.

நானும் சொல்லவில்லை,
என் அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் என்று.
அண்ணன் தயாளனுக்குக் காது கேட்காது.
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் செல்போன் பழுது பார்க்கிறான்;
செத்த போன் உயிர்பெறுவதை
உள்ளங்கையில் முதலில் அறிபவன் அவன்.
எந்த அட்டவணையிலும் அவனை
இழப்பு என்ற கட்டத்தில் எழுத எனக்குக் கை வராது.

மீனுக்கு எழுதினேன்.
கீழ்மடுவிலிருந்து ஆறு. மூன்று ஆண், மூன்று பெண்.
ஏழு பக்கக் கடிதம், நாலு கையெழுத்து, வனத்துறை முத்திரை.
முன்பெல்லாம் ஒரு ஐப்பசி வெள்ளம்
யாரையும் கேட்காமல் செய்த வேலை.

பயமும் இருக்கிறது.
மேல்மடு பாறை நிழலுக்குப் பழகியது,
கீழ்மடு கொதிக்கும் சேற்றுக்கு.
பதினோரு வருடத்தில் தனியாக எதையாவது கற்றிருந்தால்
அதை அழிப்பது என் வாளியாகத்தான் இருக்கும்.

இரண்டு கிலோமீட்டர். டிவிஎஸ் ஃபிஃப்டி.
சிக்கண்ணன் ஓட்ட, பின்னால் நான் மூடியை அமுக்கியபடி.
மேட்டில் திரும்பிக் கேட்டார்:
"பொண்ணு எடுக்கறமா, கொடுக்கறமா?"
மாப்பிள்ளைகளும் வராங்க என்றேன்.

மடுவில் வாளியை மிதக்கவிட்டு
இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக
அரைமணி உட்கார்ந்திருந்தோம்.
"இந்த வாரம் மோட்டார் போடல.
தக்காளி கிலோ நாலு ரூவா,
பறிக்கற கூலிக்கே கட்டல" என்றார்.
மடுவில் இடுப்பளவு நின்றது அந்த நாலு ரூபாய்.
விலை ஏறட்டும் என்று சொல்ல வாயெடுத்து
தண்ணீரைப் பார்த்தேன்.

சாய்த்ததும் ஐந்து போயின.
ஆறாவது வாளியின் சுவரை ஒட்டியே நின்றது.
வீட்டில் அண்ணனைக் கூப்பிடத் தரையில் தட்டுவேனே,
அப்படி, விரல் முட்டியால்
அடியில் ஒரு தட்டு.

திரும்பியது.