சிங்கி இறால்

கோட்டைக்குள் மூன்றாம் மேசை எனக்கு.
இறந்தவர்களை இறந்தவர்கள்தான் என்று
படிவத்தில் ஏற்றும் வேலை.

மாற்றலாகிப் போன எல்ரோய் ரொசைரோ
கணினித் திரையில் விட்டுப்போனது
ஓர் ஒல்லாந்துப் படம்:
வெள்ளித் தட்டு, பாதி உரித்த தேசிக்காய்,
பின்னங்கால் ஆணியில் தொங்கும் முயல்,
நடுவில் செக்கச் சிவந்த சிங்கி இறால்.
கறுவாவுக்கும் யானைக்கும் இங்கே வந்தவர்கள்
வீட்டில் இப்படித்தான் உண்டிருப்பார்கள்.
யானையை மட்டும் மேசையில் வரையவில்லை.

போகிற நாளன்று ரொசைரோ
ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டுச் சொன்னான்:
இறால் பின்னோக்கிப் போகுமாம்,
ஆகவே நிலையில்லாத மனசு.
எலி கொறிப்பது காலத்தை.
நத்தைக்கும் ஏதோ சொன்னான், மறந்துவிட்டேன்.
ஈ என்றால் அழுகல்.
வலது மூலையில் ஒரு வண்ணத்துப்பூச்சி,
அதுதான் உயிர்.

அதை நான் கண்டதில்லை.
'காணக்கிடைக்காமை - 2' என்கிற கோப்புறை
சரியாக அதன்மேல் குந்தியிருக்கிறது.

போன செவ்வாய்
கொக்கட்டிச்சோலைக் கண்ணகைப்பிள்ளை வந்தாள்.
பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை,
அதற்குள் கடதாசிகள்.
மகன் ஜீவரூபன். வயது பத்தொன்பது, அன்றைக்கு.
இரண்டாயிரத்து ஏழு பங்குனி,
படுவான்கரையே எழும்பி ஓடிய கிழமை.
தோணியில் ஏறினதைக் கண்டவர் மூன்று பேர்.
இறங்கினதைக் கண்டவர்
என்ற இடத்தில் ஒரு சிறு கோடு.

பெயரில் பிழை பார்க்கச் சொல்லித்
திரையை அவள்பக்கம் திருப்பினேன்.
படிவம் திறக்கச் சுணங்கிற்று.
அதுமட்டும் படத்தைப் பார்த்தாள்.

"றால் சிவந்திட்டு. அவிச்சாச்சு."

"ஓம்."

"சாப்பிட ஒருத்தரையும் காணல்லியே மனே.
ஆருக்கு வெச்சிரிக்கி?"

ரொசைரோ இதைச் சொல்லித் தரவில்லை.

படிவம் திறந்தது.
'ஜி' என்றிருந்ததை 'ஜீ' ஆக்கினேன்.
எட்டாவது கட்டத்தை வெறுமையாய் விடலாம் என்றேன்.
சரி என்றாள். ஒப்பம் வைத்தாள்.
பைக்குள் பை, அதற்குள் கடதாசி,
எல்லாம் பழைய ஒழுங்கில்.
வாசல்வரை போனவள் திரும்பி,
ஏதோ கறிக்குப் பக்குவம் சொல்வதுபோல்,

"நான் மூடித்தான் வெக்கிற.
இல்லாட்டி ஈ மொச்சிரும்."

நாலேகாலுக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள்.
வாவிப்பக்க யன்னலால் உப்புக்காற்று
நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தது.
கோப்புறையை மூலையிலிருந்து மெல்ல இழுத்து
தட்டின்மேல்,
இறால் மறையும்படி வைத்தேன்.

மூலையில் என்ன இருந்ததென்று
பார்க்காமலே திரையை அணைத்தேன்.