வெறுங்கம்பி

க்டினியா துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது டன் கன்டெய்னரை
இரண்டு விரலால் எடுத்துவிடுவேன்.
போன மார்ச்சில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன்,
வயிறு முந்திக்கொண்டது.

ஓடு என்றான் யுஸ்தின்.
அவனையே ஓடச் சொல் என்றது முழங்கால்.
இன்னொருவன் ஆறு நாள் அட்டவணை அனுப்பினான்:
திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தொடை,
கசாப்புக் கடைப் பலகை மாதிரி.
படித்த களைப்பில்
பியரோகிக் கொழுக்கட்டை நான்கு கூடுதலாகப் போயிற்று.

ஜிம் சாவி ஹால்ஷ்காவிடம்.
ரசீதின் பின்புறம் எழுதினாள்:
உட்கார்ந்து எழு. தள்ளு. தரையிலிருந்து தூக்கு.
வாரம் மூன்று நாள், வெறுங்கம்பி.
"எடை போடாமலா?"
"கம்பியே இருபது கிலோ."
சிரித்தேன்.
ஐந்தாவது தடவை உட்கார்ந்தவன்
சிரிக்காமல் எழுந்தேன்.

ஒன்பது வாரத்தில் தராசு
ஒன்றரைக் கிலோ தந்தது,
ஈஸ்டர் முடிந்ததும் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது.
பெல்ட் மட்டும் ஒரு துளை உள்ளே.

இன்று கிரேனில் லிஃப்ட் பழுது.
நூற்று எண்பத்தாறு படி.
பாதியில் நின்றேன், மூச்சுக்காக இல்லை,
கீழே விரிகுடாவில்
ஒரு இழுவைப்படகு தன்னைவிடப் பெரியதை இழுத்துப் போனது,
அதைப் பார்க்க.

சரி,
கொஞ்சம் மூச்சுக்காகவும்.