ஆயிரத்து இருபத்தைந்தாவது கன்று

இனாரிக்கு வடக்கே, மைனஸ் இருபத்திரண்டு.
வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு
மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.
காதில் பட்டை கட்டிய துருவமான்கள்
தராசுப் பலகையை மிதித்து
ஒவ்வொன்றாய்ப் பட்டிக்குள் நுழைகின்றன.
எத்தனை வரும் என்று காலையில் கேட்டேன்.
“வருகிறதுதான் வரும்” என்றாள் ரிஸ்தென்.

அதனால்தான் அளவு சொல்லாத அணி.
எட்டு இடத்தில் தொடங்கினேன்.
ஒன்பதாவது வந்ததும்
பதினாறு இடமுள்ள வேறொரு பட்டி,
பழைய எட்டும் அங்கே குடிபோயின.
பதினேழாவதற்கு முப்பத்திரண்டு.
ஒன்றைச் சேர்க்க
இருப்பதையெல்லாம் தூக்கிச் சுமக்கிற வேலை;
எப்போதாவதுதான் என்பதால்
யாருக்கும் முதுகு வலிப்பதில்லை.

“நடுநடுவே உன் பெட்டி ஏன் மூச்சைப் பிடிக்கிறது?”
“வீடு மாறுகிறது.”
“இந்தக் குளிரிலா?”
காய்ந்த இறைச்சியைக் கத்தியால் சீவி
ஒரு துண்டை
என் விசைப்பலகை மேலேயே வைத்தாள்.

இரண்டு மணிக்கே இருட்டு.
ஆயிரத்து இருபத்து நான்கு நிறைந்தது.
அடுத்து, ஒரு பக்கம் மட்டும் கொம்பு முளைத்த கன்று
வாயிலில் நின்று ஆவி விட்டது.
திரை உறைந்து, பின் நகர்ந்தது.
பார்த்தால்,
மந்தையின் முதல் மான், அந்த வெள்ளைப் பெட்டை,
எடை: மைனஸ் நாற்பது கோடி கிலோ.

ரிஸ்தென் சிரித்த சிரிப்பில்
நாய் எழுந்து நின்றது.

மானிடம் குற்றமில்லை.
நண்பகலில் அவள் கேட்டாள் என்று
அதைத் திரையின் மூலையில் ஊன்றியபோது
அது நின்ற முகவரியைக் குறித்துக்கொண்டேன்.
அணி முழுசும் பெயர்ந்து போனபின்னும்
என் சுட்டி
காலியான பட்டியையே சுட்டிக்கொண்டிருந்தது,
அங்கே வேறு எதனுடையதோ குப்பை.

முகவரியை அடித்துவிட்டு
வரிசை எண்ணை எழுதினேன்: பூஜ்யம்.
எழுபத்தொரு கிலோ.
வெள்ளைப் பெட்டை வந்து நின்றது
போகவே இல்லை என்பதுபோல.

ஆயிரத்து முப்பத்தொன்றோடு வாயிலை அடைத்தார்கள்.
இன்னும் ஆயிரத்துப் பதினேழு இடம்
யாரும் மிதிக்காத பனியாய்க் கிடக்கிறது.
சுருக்கிவிடலாம், ஒரே வரி.
கை போனது.
“விட்டுவை” என்றாள், கையுறையை மாட்டியபடி.
“மே மாதம் கன்று போடும்.”

பெட்டியை அணைத்தாலே
காலி இடமெல்லாம் போய்விடும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு அந்த இறைச்சித் துண்டை
வாயில் போட்டுக்கொண்டேன்.