முடிச்சு

போதகர் முக்கி எடுத்து
புது மனுஷன் என்றார்.
தமீர் ஆறு; ஜூன் பிறந்தும் ஓரத்தில் பனிக்கட்டி.
பல் கிட்டிப்போய்
ஆமென் பாதிதான் வந்தது.

தம்தினின் நாய்க்கு யாரும் சொல்லவில்லை போலும்.
போன வருஷத்துக் குரைப்பையே குரைத்தது.
தம்தின் கம்பளிக் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து
குதிரைகளை எண்ணினான்,
எனக்குக் கேட்கும்படி.
பதினேழு.
பத்தொன்பதாய் இருந்தவை.
மீதி இரண்டும் ரஷ்ய எல்லையில்
என்ன விலைக்குப் போயின என்று எனக்குத் தெரியும்.
ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன்.
தம்தினிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

என் விரல்களும் ஞானஸ்நானத்தில் நனைந்தவைதாம்.
ஆனாலும் இருட்டில் ஒரு கயிறு தட்டுப்பட்டால்
ஜெபத்தின் நடுவிலும்
முடிச்சின் வாயைத் தேடுகின்றன.

புழுதிக்காற்று அடித்த மறுநாள்
வடக்குப் பள்ளத்தில் அவனுடைய செம்பழுப்புப் பெட்டைக்குதிரை
நொண்டிக்கொண்டு நின்றது.
பட்டப்பகலில் ஒரு குதிரையை நடத்திப்போவது
எனக்குப் பழக்கமே இல்லை.
எல்லாக் கூடாரங்களும் பார்த்தன.
வியர்த்தது.

பல்லைப் பார்த்தான், குளம்பைப் பார்த்தான்,
சூட்டுக்குறியை விரலால் தடவினான்.
நன்றி என்று சொல்லவில்லை.
“அந்த இரண்டு?” என்றான்.
“நான்தான். வசந்தத்தில் ஒன்று தருகிறேன்.
மற்றதற்கு அடுத்த வருஷம் ஆகும்.”
எவ்வளவு நேரம் நின்றோமோ.
கயிற்றை என்மேல் எறிந்தான்: கட்டு.

அவன் வீட்டு முடிச்சை
இருமுறை அவிழ்த்திருக்கிறேன், இருட்டில், ஒரே மூச்சில்.
கட்டத் தெரியவில்லை.
கேட்டேன்.
என் முகத்தைப் பாராமல்
சொல்லிக்கொடுத்தான்.
நாய் குரைத்துக்கொண்டே இருந்தது.