சேமலாப நிதி உட்பட

காகிதம் நாலு பக்கம்.
முதல் பக்கத்திலேயே என் பெயரைப் பிழையாக அடித்திருக்கிறார்கள்,
செலஸ்டீன், செலஸ்டின் ஆகிவிட்டான்.
மூன்று வருடம். மாதச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதி.
ஆட முடியாமல் போகுமிடத்து
கம்பனிக் களஞ்சியத்தில் உதவியாளர் வேலை.
'ஆட முடியாமல் போகுமிடத்து' என்பதன் கீழ்
மெர்சலின் பென்சிலால் கோடிட்டிருக்கிறாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

புளூமெண்டால் அணிக்குப் பதினாறு வருடம் ஆடினேன்.
எழுத்தில் எதுவும் இருந்ததில்லை.
வென்றால் இவ்வளவு, சமநிலை என்றால் அதில் பாதி,
தோற்றால் பிளேன்டீயும் மாலுபாணும்.
மைதானத்தின் மேற்கு மூலையில் புல் முளைக்காது.
குப்பைமேட்டுக் காற்று திரும்பும் பின்னேரங்களில்
எதிரணிக்காரன் மூக்கைச் சுளிப்பான்,
அந்த அரை நொடி எனக்குப் போதும்.
எத்தனை பந்தை அப்படிப் பறித்திருப்பேன்!

அடையாள அட்டையில் எனக்கு முப்பத்தைந்து.
கழகப் பதிவேட்டில் முப்பத்தொன்று.
இடது முழங்காலுக்கு வயது தெரியவில்லை,
அது என்னை முந்தி எழும்புகிறது
நாலரைக்கு, பாங்கு சொல்லுமுன்.
படியிறங்கும்போது ஒரு சத்தம்
வீட்டார் விழிக்காதபடி யாரோ
கதவைத் திறப்பதுபோல.

செவ்வாய் இரவு கொமிட்டிக்குப் போனேன்.
இரண்டு பேச்சு மனப்பாடம்,
போகிறேன் என்பதற்கொன்று, இருக்கிறேன் என்பதற்கொன்று.
இரண்டிலும் ஒரே இடத்தில் தொண்டை அடைத்தது,
குளியலறைக் கண்ணாடி முன்னால்.
செயலாளர் ஜவ்ஃபர்தீன் நானா
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
கணக்குப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.
கம்பனிக்காரர் ஏற்கெனவே கோல் எடுத்திருக்கிறார்கள்.
என்னை விட்டுக்கொடுக்க ஒரு தொகை.
நானா அதைப் பிரித்தும் வைத்திருந்தார், நீல மையில்:
தண்ணீர் பில் நிலுவை
வலை இரண்டு
சின்னப் பையன்களுக்கு பூட்ஸ் பதினொரு சோடி
பதினொன்றை வெட்டி ஒன்பது.
"நீ இரிக்கிறதெண்டா இரி மகன்,
நான் போ எண்டு செல்லமாட்டேன்."
புத்தகத்தை மூடவுமில்லை.

இரண்டு மாதமாக நான் எடைபோட்டுக்கொண்டிருந்தேன்
ஒரு தட்டில் சம்பளம், மறு தட்டில் இந்தச் செம்மண்.
தராசு யார் கையில் என்று பார்க்கவேயில்லை.
ஒன்பது சோடி பூட்ஸ்.
கூடவா குறைவா என்று
யாரிடம் கேட்பது?
இரண்டு பேச்சையும் விழுங்கிவிட்டு வெளியே வந்தேன்.

ஜம்பட்டா வீதியில் மழை.
த்ரீவீலர்க்காரப் பையன் கண்ணாடியில் என்னையே பார்த்தான்.
"அண்ணன், அன்னைக்கு ஆமி டீமோட, கடைசி நிமிசம்,
கோட்டுல வெச்சுத் தலையால எடுத்தீங்களே,
நான் மதில் மேல இருந்தேன்.
அடுத்த வருசமும் நம்ம பக்கம்தானே?"
வைப்பர் ஒருதரம் போய்
திரும்பி வர யோசித்து நின்றது.
"இங்கேயே நிப்பாட்டுங்க" என்றேன்.
வீட்டுக்கு இன்னும் இரண்டு சந்தி இருந்தது.

மீட்டரில் நூற்றுத் தொண்ணூறு.
காசு வேணாம் என்றான். உங்ககிட்டயா, என்றான்.
அவன் குனிந்து கண்ணாடி துடைத்த நேரம்
இருநூறைச் சீற்றுக்கடியில் செருகினேன்.
இந்தப் பகுதியில் எந்தக் கடையிலும்
தேத்தண்ணீருக்கு நான் காசு கொடுத்து வருடங்களாகின்றன.
நனைந்துகொண்டு நடந்தேன், முழங்கால் கதவைத் திறந்து திறந்து மூட.

காகிதம் சட்டைக்குள் இருந்தது.
நாலாம் பக்கம்தான் நனைந்தது,
கையெழுத்து வைக்கும் பக்கம்.
மெர்சலின் சூட்டைக் குறைத்து
மகளின் பள்ளிச் சீருடைக்கு அடுத்ததாக
அதையும் அயர்ன் பண்ணுகிறாள்.
கோடு கொஞ்சம் நெளிந்துவிட்டது.
அழியவில்லை.